ஆர்மி ரிசர்வா, நேஷனல் கார்டா? பகுதிநேரப் படைச் சேவைக்குக் கிடைக்கும் கல்லூரிப் பணத்தின் கணக்கு

எடிசன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். கிரீன் கார்டு இருக்கிறது, குடியுரிமை இன்னும் இல்லை. நியூ ஜெர்சியில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. அவளிடம் படைக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர்கள் இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். ஒருவர் அமெரிக்க ராணுவத்தின் பகுதிநேரப் பிரிவான ஆர்மி ரிசர்வ், மற்றவர் மாநிலப் பகுதிநேரப் படையான நியூ ஜெர்சி ஆர்மி நேஷனல் கார்டு. இருவரும் சொல்வது ஒன்றுதான்: மாதம் ஒரு வார இறுதி, வருஷம் இரண்டு வாரம், கல்லூரி இலவசம்.

படையில் சேருவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்துகொள்வாள். எனக்குப் பணக் கணக்குதான் புரியவில்லை.

1. "ஜி.ஐ. பில்" என்று இருவரும் சொல்வது ஒரே திட்டமா? டியூஷன் முழுவதையும் அது கட்டுமா?
2. ரிசர்வுக்கும் கார்டுக்கும் கல்விப் பணத்தில் என்ன வித்தியாசம்?
3. எல்லாவற்றையும் சேர்த்து வாங்க முடியுமா, ஒன்றை எடுத்தால் இன்னொன்று போய்விடுமா?
4. செமஸ்டர் நடுவில் டிப்ளாய்மென்ட் (படைப்பணிக்கு வெளியே அனுப்புவது) வந்தால் கட்டிய ஃபீஸ், கிரெடிட் எல்லாம் என்ன ஆகும்?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டிரில்_கணக்கு:

சார், உங்கள் முதல் கேள்வியில்தான் பாதிக் குழப்பமும் இருக்கிறது. "ஜி.ஐ. பில்" என்ற பெயரில் இன்று இரண்டு திட்டங்கள் இவர்களுக்குப் பொருந்தும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி.

ஒன்று மான்ட்கோமரி ஜி.ஐ. பில், செலக்டட் ரிசர்வ் பிரிவு. சாப்டர் 1606 என்றால் எல்லோருக்கும் புரியும். படையில் சேர்ந்து டிரில்லுக்கு (மாதாந்திர வார இறுதிப் பயிற்சிக்கு) போகும் ரிசர்வ், கார்டு ஆட்களுக்கு உரியது இதுதான். முழுநேரம் படித்தால் மாதம் 480 டாலரைச் சுற்றி வரும். ஒவ்வோர் அக்டோபரிலும் கொஞ்சம் ஏறும். 12 கிரெடிட்டும் அதற்கு மேலும் முழுநேரம், 9 முதல் 11 வரை முக்கால், 6 முதல் 8 வரை பாதி. மொத்தம் 36 மாதம். பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்கு வரும், கல்லூரிக்குப் போகாது. டியூஷன் எவ்வளவு என்று வி.ஏ. (பணத்தைத் தரும் முன்னாள் படைவீரர் நலத்துறை) இதில் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில், சாப்டர் 33. விளம்பரங்களில் வரும் "டியூஷன், வீட்டு வாடகை, புத்தகம்" எல்லாம் இதற்குரியவை. ஆக்டிவ் டியூட்டி (முழுநேரப் படைப்பணி) நாட்களை வைத்துத்தான் இது கணக்காகும். கையெழுத்துப் போட்டுப் பயிற்சி முடித்து வரும் 18 வயதுப் பெண்ணுக்கு இதில் ஒரு பைசாவும் கிடையாது. ரெக்ரூட்டர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. 1606-இன் பெயரைச் சொல்லி 33-இன் படத்தைக் காட்டிவிடுவது நடக்கிறது.

1606-க்கான நிபந்தனைகளில் கான்ட்ராக்டில் பார்க்க வேண்டியது வருஷக் கணக்கு. முதல் கான்ட்ராக்ட் மொத்தம் 8 வருஷம். அதில் டிரில் செய்யும் வருஷம் 6 ஆக இருக்க வேண்டும், மீதி 2 வருஷம் பெயரளவில். டிரில் வருஷம் 3 அல்லது 4 என்று குறைத்து எழுதும் கான்ட்ராக்ட் கவர்ச்சியாகத் தோன்றும், ஆனால் 1606 கிடைக்காது. அடுத்தது, பேசிக் டிரெயினிங்கும் ஏ.ஐ.டி. எனப்படும் தொழிற்பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும், பள்ளி டிப்ளமோ அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பிறகு டிரில்லுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இந்த "ஒழுங்கு" என்பதற்கு ஆர்மியில் கணக்கு உண்டு. ஒரு வார இறுதி டிரில் என்பது பொதுவாக நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். 12 மாதத்துக்குள் அனுமதியில்லாமல் 9 பிரிவு தவறினால் "திருப்தியற்ற பங்கேற்பு". அதாவது இரண்டு வார இறுதி, கூடவே ஒரு காலை வேளை. பரீட்சை என்று சொல்லி இரண்டு முறை போகாமல் இருப்பது சாதாரணமாக நடந்துவிடும் விஷயம். 1606 நிற்பதோடு ஏற்கெனவே வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பரீட்சை வாரத்தில் டிரில் வந்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டு வேறு நாளில் ஈடு செய்யலாம், பெரும்பாலான யூனிட்கள் ஒத்துக்கொள்ளும். வாய்ச்சொல் அனுமதி ரெக்கார்டில் ஏறாது.

யூனிட்டை விட்டு விலகினால் 1606-உம் அங்கேயே முடிந்தது. 36 மாதத்தில் மிச்சம் இருந்தாலும் பின்னால் எடுத்துக்கொள்ள முடியாது. நடுவில் மொபிலைஸ் ஆகியிருந்தால் (முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டிருந்தால்), அந்தக் காலமும் மேலே 4 மாதமும் விலகிய பிறகும் நீடிக்கும்.

இதன் மேல் "கிக்கர்" என்று ஒன்று உண்டு. ஆள் தேவைப்படும் வேலைப் பிரிவுகளில் சேருபவர்களுக்கு 1606-உடன் சேர்த்து மாதம் 350 டாலர் வரை. சேரும்போதே கான்ட்ராக்டின் இணைப்புப் பக்கமாக இருக்க வேண்டும். "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுங்கள்.

---

ஃபீஸ்_கவுண்டர்:

மேலே சொன்னது சரி. டியூஷன் பக்கத்தை நான் சொல்கிறேன், ரிசர்வும் கார்டும் பிரிவது இங்கேதான்.

இருவருக்கும் பொதுவானது ஃபெடரல் டியூஷன் அசிஸ்டன்ஸ், சுருக்கமாக டி.ஏ. ஆர்மியில் ஒரு கிரெடிட்டுக்கு அதிகபட்சம் 250 டாலர், ஒரு நிதியாண்டில் 18 கிரெடிட், ஆக 4,500 டாலர். 2024 ஆகஸ்டுக்கு முன் இது 16 கிரெடிட், 4,000 டாலராக இருந்தது. பழைய பக்கங்களில் அந்த எண்ணையே இன்னும் காண்பீர்கள். டியூஷனுக்கு மட்டும்தான், லேப் ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம் எதற்கும் வராது. பணம் நேராகக் கல்லூரிக்குப் போகும்.

நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, கல்லூரியோ ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிவிடுகிறது. கோர்ஸ் தொடங்கும் தேதி எந்த நிதியாண்டில் விழுகிறதோ அந்த வருஷத்து 18-இல் கழியும். முதல் ஆகஸ்டில் வகுப்பில் சேரும்போது அந்த நிதியாண்டின் 18 கிரெடிட்டும் தொடாமல் இருக்கும், செப்டம்பர் 30-உடன் காலாவதியாகிவிடும். எனவே முதல் ஃபால் செமஸ்டரில் எடுக்கும் 15 கிரெடிட்டுக்கும் டி.ஏ. கேட்கலாம். அதற்கடுத்த ஸ்பிரிங், சம்மர், மறு ஃபால் மூன்றும் புது 18-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். இதைத் தெரியாமல் முதல் ஃபாலில் 9 கிரெடிட்டுக்கு மட்டும் கேட்டு மீதியைக் கைக்காசில் கட்டுகிறவர்கள் நிறைய.

டி.ஏ. மறுக்கப்படும் காரணங்களில் முதலிடம் தேதிக்கு. ஆர்மி இக்னைட்எட் தளத்தில் ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து, வகுப்பு தொடங்கும் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்பே போடுங்கள், யூனிட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் மாதத்துக்கு ஒரு வார இறுதிதான் கம்ப்யூட்டரைத் திறப்பவராக இருக்கலாம். இரண்டாவது காரணம் ஃப்ளாக்: உடற்தகுதித் தேர்வில் தோல்வி, எடை வரம்பு மீறல் போன்றவற்றுக்காகப் பெயருக்கு எதிரே தடை இருந்தால் டி.ஏ. நகராது. மூன்றாவது மார்க். இளநிலையில் சி-க்குக் கீழே வாங்கினால் அந்த கோர்ஸின் டி.ஏ. திரும்பக் கட்ட வேண்டிய கடனாகிவிடும், சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள்.

இனி கார்டுக்கு மட்டும் உரியது. நேஷனல் கார்டு மாநிலத்தின் படையும்கூட. எனவே பல மாநிலங்கள் தங்கள் கார்டு ஆட்களுக்கு அரசுக் கல்லூரிகளில் டியூஷனைத் தள்ளுபடி செய்கின்றன. நியூ ஜெர்சியில் அந்தத் திட்டம் உண்டு. மாசசூசெட்ஸ், இல்லினாய் போன்ற இடங்களிலும் உண்டு, விதி ஒவ்வொன்றிலும் வேறு. ஆர்மி ரிசர்வ் முழுக்க ஃபெடரல் படை என்பதால் நியூ ஜெர்சி தள்ளுபடி அவர்களுக்கு இல்லை. அரசுக் கல்லூரியில்தான் படிப்பது என்று முடிவாகிவிட்டால், கல்விப் பணத்தைப் பொறுத்தவரை கார்டு தெளிவாக முந்துகிறது. தனியார் கல்லூரி என்றால் வித்தியாசம் மிகக் குறைவு. சம்பளம், வேலைப் பிரிவு, யூனிட் எவ்வளவு தூரம் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

நியூ ஜெர்சி தள்ளுபடியில் மூன்று விஷயம் கவனியுங்கள். பயிற்சி முடித்திருக்க வேண்டும். மாநில, ஃபெடரல் உதவித்தொகைகளுக்கு முதலில் விண்ணப்பித்திருக்க வேண்டும், அதனால் ஃபெடரல் கல்வி உதவிக்கான ஃபாப்சா படிவம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இடம் இருந்தால்" என்பது மூன்றாவது: காசு கட்டும் மாணவர்கள் போதுமான அளவு சேர்ந்த வகுப்பில் காலியிடம் இருந்தால்தான் தள்ளுபடி. நர்சிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி அடித்துப்பிடித்துச் சேரும் வகுப்புகளில் இது உறுத்தும். உங்கள் கல்லூரி இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது, கார்டு மாணவர்கள் எந்தத் தேதியில் பதிவு செய்யலாம் என்று அங்கிருக்கும் ராணுவ மாணவர் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். தள்ளுபடி டியூஷனுக்கு மட்டும். நியூ ஜெர்சிக் கல்லூரிகளில் "ஃபீஸ்" என்ற தனி வரி கணிசமானது.

ஓர் உதாரணக் கணக்கு, எண்கள் புரிதலுக்காக மட்டும். செமஸ்டருக்கு டியூஷன் 6,500, ஃபீஸ் 1,800 என்று வைத்துக்கொள்வோம். கார்டு என்றால் 6,500 தள்ளுபடி, நான்கு மாத 1606 சுமார் 1,900, அது ஃபீஸைக் கட்டிவிடும். தள்ளுபடியான டியூஷனுக்கு மேல் டி.ஏ. வராது, அதைச் சம்மர் கோர்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் என்றால் 9 கிரெடிட்டுக்கு டி.ஏ. 2,250, 1606 சுமார் 1,900, ஆக 4,150. மீதி நாலாயிரத்துச் சொச்சம் கையிலிருந்து. இரண்டு பக்கமும் கிக்கர் இருந்தால் செமஸ்டருக்கு இன்னும் 1,400 வரை.

டி.ஏ.-வையும் 1606-ஐயும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாதிநேரத்துக்குக் குறையாமல் படித்தால் சேர்த்தே வாங்கலாம். ஒன்று கல்லூரிக்குப் போகிறது, மற்றது மாணவி கைக்கு வருகிறது. வருமானம் குறைந்த குடும்ப மாணவர்களுக்கான பெல் கிரான்டும் தடையில்லை. வி.ஏ. கல்விப் பணத்தை ஃபாப்சாவில் வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை, அதற்கு வருமான வரியும் இல்லை. டிரில் சம்பளம் மட்டும் வருமானம்.

---

எடிசன்வாசி:

இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பேசிக்கும் ஏ.ஐ.டி.யும் சேர்த்து அவள் ஆறு மாதம் முழுநேரமாகப் பயிற்சியில் இருப்பாள். அது ஆக்டிவ் டியூட்டிதானே, அந்த நாட்களை வைத்து சாப்டர் 33 வராதா? பயிற்சி முடிந்ததும் டி.டி. 214 என்ற பணிச் சான்று கொடுப்பார்கள் என்று ரெக்ரூட்டர் சொன்னாரே. அடுத்தது, விண்ணப்பிப்பதற்கு என்னென்ன காகிதம் வேண்டும்?

---

ஆர்டர்_வாசிப்பவர்:

இந்த டி.டி. 214 குழப்பம் அடிக்கடி வருவது. பயிற்சி 90 நாளுக்கு மேல் போனால் அந்தத் தாள் கொடுப்பார்கள், உண்மை. ஆனால் அதில் எழுதியிருப்பது "பயிற்சிக்கான ஆக்டிவ் டியூட்டி". ரிசர்வ், கார்டு ஆட்களின் ஆரம்பப் பயிற்சி சாப்டர் 33-க்குக் கணக்கில் வராது. ஆண்டுப் பயிற்சியான இரண்டு வாரமும் வராது, டிரில் வார இறுதியும் வராது. ஒரே பேசிக் கேம்பில் பக்கத்துப் படுக்கையில் இருந்த ரெகுலர் ஆர்மிக்காரருக்கு அவருடைய பயிற்சி நாட்கள் பின்னால் ஒரு கட்டத்தில் கணக்கில் சேரும், உங்கள் மகளுக்குச் சேராது. நியாயமா என்றால் இல்லை, இதை மாற்றக் கேட்டு மசோதாக்கள் வந்தன, சட்டமாகவில்லை.

எது கணக்கில் வரும் என்பது ஆர்டர் தாளில் எந்தச் சட்டப் பிரிவைப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஃபெடரல் படைச் சட்டமான டைட்டில் 10-இன் கீழ் 12301(டி), 12302, 12304 போன்ற பிரிவுகளில் அழைக்கும் மொபிலைசேஷன் கணக்கில் வரும். 12304பி என்ற பிரிவு முன்பு விடுபட்டிருந்தது, 2017-இல் வந்த "ஃபாரெவர் ஜி.ஐ. பில்" சட்டம் அதைச் சேர்த்தது. கார்டுக்கு அதன் தனிச் சட்டமான டைட்டில் 32-இல் பிரிவு 502(எஃப்) உண்டு. ஆனால் முழுநேர கார்டுப் பணிக்கோ, ஜனாதிபதி அறிவித்த தேசிய நெருக்கடிக்கோ கூப்பிட்டிருந்தால்தான். கோவிட் காலத்தில் அப்படிக் கூப்பிட்டவர்களுக்கு நாட்கள் ஏறின. ஆளுநர் தன் மாநிலச் செலவில் கூப்பிடும் மாநிலப் பணி எத்தனை மாதம் நீண்டாலும் சுழியம்தான். டெக்சஸ் எல்லைப் பணியில் மாதக்கணக்கில் மாநிலப் பணியில் நின்றவர்களுக்கு ஜி.ஐ. பில் நாள் ஒன்றுகூட ஏறவில்லை.

நாட்கள் சேரச் சேர விகிதம் ஏறும். மொத்தம் 90 நாள் என்றால் 50 சதவீதம், 6 மாதம் என்றால் 60, 18 மாதம் 70, 24 மாதம் 80, 30 மாதம் 90, 36 மாதம் 100. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, கூட்டிக்கொள்ளலாம். பத்து மாத டிப்ளாய்மென்ட் ஒன்று போய் வந்தால் 60-இல் நிற்பார். அரசுக் கல்லூரியில் மாநிலத்தவருக்கான டியூஷனில் 60 சதவீதம், கல்லூரியின் அஞ்சல் குறியீட்டை வைத்துக் கணக்கிடும் வீட்டு வாடகைப் படியில் 60 சதவீதம், வருஷம் 1,000 டாலர் புத்தகப் பணத்தில் 60 சதவீதம். வட நியூ ஜெர்சியில் வாடகைப் படி நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் இருப்பதால் 60 சதவீதமே 1606-ஐப் பல மடங்கு தாண்டிவிடும். வாடகைப் படிக்கு இரண்டு நிபந்தனை: பாதிநேரத்துக்கு மேல் படிக்க வேண்டும், ஒரு வகுப்பாவது நேரில் உட்கார வேண்டும். எல்லாமே ஆன்லைன் என்றால் தேசிய சராசரியில் பாதிதான் அடிப்படை.

சாப்டர் 33 கடைசியாகக் கட்டும் பணம் என்பதையும் நினைவில் வையுங்கள். மாநிலத் தள்ளுபடி, டி.ஏ. போன்ற டியூஷனுக்கென்றே வந்தவற்றைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வி.ஏ. கட்டும். இதனால் நஷ்டமில்லை. டியூஷன் முழுவதும் தள்ளுபடியில் போய்விட்டாலும் வாடகைப் படியும் புத்தகப் பணமும் வரும்.

எச்சரிக்கை ஒன்று. சாப்டர் 33-க்கு விண்ணப்பிக்கும்போது 1606-ஐ விட்டுக்கொடுக்கிறேன் என்று தேர்வு செய்ய வேண்டியிருக்கும். அதைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு திட்டங்களும் சேர்ந்து 48 மாதம்தான் உச்சவரம்பு. அதாவது 1606-இல் முதல் 12 மாதத்தைச் செலவழித்திருந்தாலும் 33-இன் 36 மாதம் குறையாது. அதற்கு மேல் 1606-இல் எடுக்கும் ஒவ்வொரு மாதமும் 33-இல் ஒரு மாதத்தைத் தின்னும். டிப்ளாய்மென்ட் உறுதி என்று யூனிட்டில் அறிவித்துவிட்டார்கள், 1606-இல் 12 மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது என்றால், அங்கே நிறுத்திக் கணக்குப் பார்ப்பது நல்லது. கிக்கர் இருப்பவர்களுக்கு 33-க்கு மாறினாலும் அது கூட வரும்.

---

ஃபீஸ்_கவுண்டர்:

காகிதம் பற்றிய கேள்விக்கு.

பயிற்சி முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியதும் 1606 தகுதி அறிவிப்பு, டி.டி. 2384 என்ற தாள், தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தாளைவிட முக்கியம், பாதுகாப்புத் துறையின் கம்ப்யூட்டரில் "தகுதி உண்டு" என்ற குறியீடு ஏறியிருப்பது. வி.ஏ. அங்கேதான் பார்க்கிறது. தாள் கையில் இருந்தும் "தகுதியில்லை" என்று கடிதம் வந்தால் பத்தில் ஒன்பது முறை அந்தக் குறியீடு ஏறாததுதான். வி.ஏ.வுக்கு ஃபோன் போட்டுப் பயனில்லை, அவர்களால் மாற்ற முடியாது. யூனிட்டின் ரிடென்ஷன் சார்ஜண்ட் அல்லது மாநிலக் கார்டு தலைமையகக் கல்வி அலுவலகம்தான் மாற்றும்.

பிறகு வி.ஏ. தளத்தில் 22-1990 என்ற விண்ணப்பம். தகுதிச் சான்று வீட்டுக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கல்லூரியின் வி.ஏ. சான்று அதிகாரியிடம் கொடுத்தால் அவர் செமஸ்டர் கிரெடிட்டை வி.ஏ.வுக்கு அறிவிப்பார். ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு செய்ததும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், சில கல்லூரிகளில் அதற்கென ஆன்லைன் படிவம் உண்டு. தானாக நடக்கும் என்று விட்டுவிட்டால் ஸ்பிரிங்கில் பணம் நின்றுவிடும். டிகிரிக்குத் தேவையில்லாத வகுப்பை அவர் அறிவிக்க முடியாது. 12 கிரெடிட்டில் ஒரு 3 கிரெடிட் ஓவிய வகுப்பு டிகிரியில் பொருந்தவில்லை என்றால் 9-தான் கணக்கு, முக்கால் பணம்.

மாதக் கடைசியில் மாணவி "இன்னும் படிக்கிறேன்" என்று வி.ஏ.வுக்கு உறுதி செய்தால்தான் அந்த மாதப் பணம் அடுத்த மாதம் வரும். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால் முதல் முழு மாதப் பணத்தை அக்டோபரில்தான் பார்ப்பீர்கள். கல்லூரி பில்லோ ஆகஸ்டிலேயே. வி.ஏ. தாமதத்துக்காகக் கல்லூரி அபராதம் போடக்கூடாது என்ற 2018 சட்டப் பாதுகாப்பு சாப்டர் 33-க்கு உண்டு, 1606-க்கு இல்லை. எனவே முதல் செமஸ்டருக்குத் தவணைத் திட்டம் போட்டுக்கொள்வது உசிதம். செமஸ்டர்களுக்கு நடுவே விடுமுறை நாட்களுக்கும் பணம் கிடையாது.

---

டிரில்_கணக்கு:

நான்காவது கேள்வி, செமஸ்டர் நடுவில் அழைப்பு.

ஆர்டர் வந்தால் கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆர்டர் நகலைக் கல்லூரிப் பதிவாளர், வி.ஏ. சான்று அதிகாரி, டி.ஏ. வாங்கியிருந்தால் யூனிட் கல்வி அலுவலகம் மூன்றுக்கும் ஈமெயிலில் அனுப்பிவிட்டுப் போவது. சொல்லாமல் போனால் வகுப்புக்கு வராதவர் என்று எஃப் விழும். அதை அயல்நாட்டிலிருந்து சரிசெய்வது நரகம். முறையாகச் சொல்லி விலகினால், படைப்பணியால் கிரெடிட் கிடைக்காமல் போன காலத்துக்கான மாதங்களை வி.ஏ. 36-இல் கழிக்காமல் திருப்பி வைக்கும், டி.ஏ. கடனும் தள்ளுபடியாகும். செமஸ்டர் முடிய மூன்று நான்கு வாரம்தான் பாக்கி என்றால் விலகாமல் "இன்கம்ப்ளீட்" வாங்கிக்கொண்டு திரும்பி வந்து முடிப்பதே லாபம். பேராசிரியரிடம் கெடுவை எழுத்தில் வாங்க வேண்டும், பல கல்லூரிகளில் இன்கம்ப்ளீட் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானாக எஃப் ஆகிவிடும்.

இடம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஃபெடரல் உதவி வாங்கும் கல்லூரி எதுவானாலும், 30 நாளுக்கு மேல் படைப்பணிக்குப் போன மாணவரைப் போன நிலையிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது கல்வித்துறை விதி. மொத்தம் 5 வருஷம் வரை போகலாம், பணி முடிந்து 3 வருஷத்துக்குள் திரும்புவதாகத் தெரிவிக்க வேண்டும். திரும்பிய முதல் வருஷம் போனபோது இருந்த டியூஷன்தான். கல்லூரியே கொடுக்கும் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு இந்த விதி உறுதி தருவதில்லை. அதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

---

ஆர்டர்_வாசிப்பவர்:

கிரீன் கார்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. கிரீன் கார்டு இருந்தால் ரிசர்விலும் கார்டிலும் சிப்பாயாகச் சேரலாம், 1606, டி.ஏ. இரண்டுக்கும் குடியுரிமை தேவையில்லை. எஃப்-1, எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் இப்போது சேர வழியில்லை. மாவ்னி என்ற திட்டம் முன்பு அவர்களை எடுத்தது, 2016-உடன் நின்றுவிட்டது. அதிகாரியாவதற்கும், கல்லூரியிலேயே நடக்கும் அதிகாரிப் பயிற்சியான ஆர்.ஓ.டி.சி.யின் ஸ்காலர்ஷிப்புக்கும் குடியுரிமை வேண்டும்.

பின்னால் ஆர்.ஓ.டி.சி. பக்கம் போக நினைத்தால் ஒரு பள்ளம் உண்டு: வழக்கமான ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப் வாங்கும் காலத்தில் 1606 வராது. ஸ்காலர்ஷிப் இல்லாமல், கார்டு யூனிட்டில் கேடட்டாக இருந்துகொண்டு படிக்கும் எஸ்.எம்.பி. முறையில் 1606-உம் கிக்கரும் தொடரும். மாநிலத் தள்ளுபடி ஏற்கெனவே டியூஷனைக் கட்டும் இடத்தில் ஸ்காலர்ஷிப்பை வாங்கி 1606-ஐ இழப்பது பல சமயம் நஷ்டக் கணக்கு. அதிகாரியான பிறகு டி.ஏ. வாங்கினால் ரிசர்வில் 4 வருஷக் கூடுதல் சேவைக் கடப்பாடு உண்டு. சிப்பாய்களுக்கு அப்படி இல்லை.

மாணவர் கடன் அடைக்கும் திட்டமும் உண்டு. கார்டில் உச்சவரம்பு 50,000 டாலர், வருஷம் அசலில் 15 சதவீதம் வீதம். ஃபெடரல் கடனுக்கு மட்டும். அடைக்கும் தொகை வருமானமாகக் கணக்காகி வரி விழும். இதுவும் கிக்கர் போலக் கான்ட்ராக்டில் இருக்க வேண்டும். கடனே இல்லாமல் சேரும் 18 வயதுப் பிள்ளைக்கு இதைப் பெரிய சலுகையாகக் காட்டினால் அதற்காக வேறு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

---

எடிசன்வாசி:

கடைசியாக ஒன்று. மே மாதம் பள்ளி முடிந்து ஜூனில் பேசிக் போகலாம், செப்டம்பரில் கல்லூரிக்கு வந்துவிடலாம், ஏ.ஐ.டி.யை அடுத்த கோடையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ரெக்ரூட்டர். நல்ல ஏற்பாடுதானே?

---

டிரில்_கணக்கு:

படிப்பு தடைபடாது, ஆனால் முதல் வருஷம் முழுக்க இந்தப் பணம் எதுவும் வராது. 1606, டி.ஏ., நியூ ஜெர்சித் தள்ளுபடி மூன்றும் ஏ.ஐ.டி. முடிந்த பிறகுதான். பேசிக் மட்டும் முடித்தவருக்கு டிரில் சம்பளம்தான். இன்னொரு சிக்கல், பேசிக் பத்து வாரம். தொடங்கும் தேதி ஜூன் நடுவுக்குப் போனாலே ஆகஸ்ட் கடைசியில் வகுப்புத் தொடக்கத்தோடு முட்டும். ஏ.ஐ.டி. பத்து வாரத்துக்கு மேல் நீளும் வேலைப் பிரிவு என்றால் கோடை விடுமுறைக்குள் அடங்காது, அப்போதும் ஒரு செமஸ்டர் போகும். போர்க்கள மருத்துவர் பிரிவு 16 வாரம், இந்த ஏற்பாட்டில் பொருந்தவே பொருந்தாது.

மாற்று வழி: கல்லூரி இடத்தை ஒத்திவைத்துவிட்டு ஜூனில் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்து ஜனவரியில் எல்லாப் பணத்தோடும் சேர்வது. மேலே சொன்ன கல்வித்துறை விதி, இடம் கிடைத்து இன்னும் வகுப்பில் சேராதவருக்கும் பொருந்தும், பயிற்சி ஆர்டரும் அதில் அடங்கும். நான்கு மாதப் படிப்பு தள்ளிப்போகும், ஒரு வருஷ டியூஷன் மிச்சமாகும். ஜனவரியில் தொடங்கினாலும் அக்டோபர் முதலான 18 கிரெடிட் டி.ஏ. அப்படியே இருக்கும்.

கையெழுத்துக்கு முன் தாளில் விரல் வைத்துப் பார்க்க வேண்டியவை: டிரில் வருஷம் 6 என்ற வரி, கிக்கர் இணைப்பு, வேலைப் பிரிவின் எண், பேசிக் தொடங்கும் தேதி, ஏ.ஐ.டி. தேதி. ஏ.ஐ.டி. தேதி காலியாக இருந்தால் நிரப்பித் தரச் சொல்லுங்கள். அது வரும்வரை கல்லூரிக்கு ஒத்திவைப்புக் கடிதம் எழுத முடியாது.